மைதானத்தில் கிடைத்த பெயரும் கடையில் சேரப்போகும் கடனும்

கேள்வி: எனக்கு வயது 32. சொந்த ஊர் மட்டக்களப்பு, கல்லடி. விளையாட்டுப் புலமைப்பரிசிலில் கொழும்புப் பாடசாலையொன்றுக்குப் போய், பின்னர் அங்குள்ள கழகமொன்றுக்கு மாதச் சம்பளத்துக்கு றக்பி ஆடினேன். முன்வரிசையில் ஆடுபவன். முழங்கால் சவ்வு இரண்டாம் முறையும் அறுந்ததால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டேன். கையில் 22 இலட்சம் ரூபா இருக்கிறது. விளையாட்டு ஜேர்சி அச்சிட்டுத் தைத்துக் கொடுக்கும் கடையொன்றை என் பெயரிலேயே தொடங்க எண்ணுகிறேன். அச்சு இயந்திரத்துக்கு நிதி நிறுவனமொன்று 10 இலட்சம் ரூபாவை, 14 சதவீத நேர் வட்டிக்கு, மூன்று வருடத் தவணையில் தருவதாகச் சொல்கிறது. மச்சான் முறையான ஒருவர் தன் கடை அறையைத் தந்து பாதிப் பங்கு கேட்கிறார். ஒரு ஜேர்சிக்கு 1,250 ரூபா செலவாகும், 1,800 ரூபாவுக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இப்போதே பல அணிகள் கேட்கின்றன. வார இறுதியில் சிறுவர்களுக்கு றக்பி பழக்கவும் ஆசை. தொடங்கலாமா?

பதில்:

அன்பின் தம்பிக்கு,

தொழிலைத் தொடங்குங்கள். இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம், பாதிப் பங்கை எவருக்கும் கொடுக்க வேண்டாம், நிதி நிறுவனத்தின் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். இவற்றுக்கான காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. ஜேர்சியைக் கொண்டு போகிறவர்கள் காசை எப்போது தருவார்கள்?

“பல அணிகள் கேட்கின்றன” என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பதற்கு ஒரு காரணம் உங்கள் பெயர். கொழும்பில் பெரிய கழகத்துக்கு ஆடிய நம் ஊர்ப் பிள்ளை கடை போடுகிறார் என்றால் வெபர் மைதானத்தில் பந்து உருட்டுகிற பையன் முதல் கோயில் திருவிழாச் சுற்றுப்போட்டி நடத்துகிற கழகச் செயலாளர் வரை எல்லோரும் உங்களிடந்தான் வருவார்கள். அந்தப் பெயர் நீங்கள் உழைத்துத் தேடியது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே பெயர்தான், “அண்ணா, மெச் முடிஞ்சதும் தாறம்” என்று ஒருவன் சொல்லும்போது உங்களை மறுக்க முடியாமல் செய்யும். முன்பின் அறியாத கடைக்காரர் இல்லை என்று சொல்லிவிடுவார். நீங்கள் சொன்னால் “பெரிய ஆளாகிவிட்டான்” என்று ஊர் பேசும். விளையாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்த சிலரின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் விற்பனை குறைவாக இருக்கவில்லை; வர வேண்டிய கடன் பட்டியல்தான் பக்கம் பக்கமாக நீண்டிருந்தது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு 16 ஜேர்சி. விலை 28,800 ரூபா, செலவு 20,000 ரூபா, மிச்சம் 8,800 ரூபா. ஓர் அணி காசு தராமல் இழுத்தடித்து இறுதியில் கைவிட்டால் உங்களுக்கு நட்டம் 20,000 ரூபா. ஒழுங்காகக் காசு தந்த இரண்டு அணிகளின் முழு இலாபத்தையும் அதில் போட்டாலும் குழி நிரம்பாது. மூன்றாவது அணிக்கும் தைத்தாக வேண்டும். அரிசி, சீனி விற்பவர் ஒரு வாடிக்கையாளர் மறுத்தால் மூட்டையை இன்னொருவருக்கு விற்பார். ஓர் அணியின் சின்னமும் பையன்களின் பெயரும் இலக்கமும் அச்சான ஜேர்சியை வேறு எவருக்கும் விற்க முடியாது. துணி வெட்டப்பட்ட நிமிடத்திலிருந்து அந்தப் பொருளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான்.

ஆகவே முற்பணம் 70 சதவீதம். இந்த எண்ணை நான் எழுந்தமானத்தில் சொல்லவில்லை. 28,800 ரூபாவின் 70 சதவீதம் 20,160 ரூபா. உங்கள் செலவை அது சற்றே தாண்டுகிறது. அதற்குக் குறைவாக வாங்கினால் உங்கள் சேமிப்பைக் கொண்டு அடுத்தவருக்கு உடுப்புத் தைக்கிறீர்கள் என்றுதான் பொருள். மீதி 30 சதவீதம் பையைக் கையில் கொடுப்பதற்கு முன். இந்த விதியைக் கடை திறக்கும் நாளிலேயே எழுதி, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பழகியவருக்கு வேறு, பழகாதவருக்கு வேறு என்ற பேச்சே வேண்டாம். உங்கள் சொந்தத் தம்பியின் அணி வந்தாலும் இதே விதிதான் என்று ஊர் ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எவரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். நம் பகுதியில் மென்பந்து கிரிக்கெட், கால்பந்து அணிகளின் ஜேர்சிக்குப் பெரும்பாலும் பையன்கள் காசு கொடுப்பதில்லை. நெஞ்சில் அச்சாகும் கடைப் பெயருக்குச் சொந்தக்காரரான அனுசரணையாளர்தான் கொடுக்கிறார். அவர் அணித் தலைவரிடம் கொடுத்த காசு உங்களிடம் வந்து சேர்வதற்குள் பந்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். அதனால் கட்டளைப் படிவத்தில் அனுசரணையாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். முற்பணத்தை அவரிடமிருந்தே நேராகப் பெறுங்கள். தன் கடைப் பெயர் சரியான எழுத்தில், சரியான நிறத்தில் வருகிறதா என்று பார்க்க அவர் ஒருமுறை உங்களிடம் வந்தே தீருவார். பேச வேண்டிய நேரம் அதுதான். பின்திகதியிட்ட காசோலை தந்தால், நன்றாகத் தெரிந்த வியாபாரியாக இருந்தாலொழிய வாங்க வேண்டாம்.

இனி இயந்திரக் கதைக்கு வருவோம். கடை வாடகை 25,000, மின்சாரம் 15,000, நிதி நிறுவனத் தவணை 39,444, உங்கள் வீட்டுச் செலவுக்கு ஒரு சம்பளமாக 60,000 என்று வைத்துக்கொள்கிறேன். கடைசித் தொகையை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் நீங்களும் சாப்பிட வேண்டும். மொத்தம் மாதம் 139,444 ரூபா. ஒரு ஜேர்சியில் மிஞ்சுவது 550 ரூபா என்றால், மாதம் 254 ஜேர்சி விற்ற பிறகுதான் இலாபம் என்ற பேச்சு தொடங்குகிறது. அதாவது ஏறத்தாழ 16 அணிகள், ஒவ்வொரு மாதமும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய மாதங்களில் இது நடக்கலாம். கார்த்திகை, மார்கழியில் நம் மைதானங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோல் கம்பத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் சுற்றுப்போட்டியும் இல்லை, கட்டளையும் இல்லை. கிராமங்களில் பெரும்போக அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் நெல் விற்ற காசு கைக்கு வந்தால்தான் மீண்டும் கைகள் தாராளமாகும். நிதி நிறுவனத்துக்கு மழைக்காலம் தெரியாது. சூட்டினால் மையைத் துணியில் பதிக்கும் சப்லிமேஷன் முறை அச்சு இயந்திரத்துக்கும் ஓய்வு ஒத்துவராது. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் மை காய்ந்து அச்சுத் தலை அடைபடும். திருத்துவதற்கு ஆளைக் கொழும்பிலிருந்து அழைக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவும் உங்களுடையது.

நேர் வட்டி என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். நீங்களும் 14 சதவீதத்தைக் குறைவு என்றே நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் மாதம் மாதம் முதலைத் திருப்பிக் கட்டிக் குறைத்துக்கொண்டு வந்தாலும், மூன்றாம் வருடத்தின் கடைசி மாதம் வரை முழுப் 10 இலட்சத்துக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. மூன்று வருட வட்டி 4,20,000 ரூபா. இதையே வங்கியில் செய்வதுபோல், குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 24 சதவீதத்தைத் தாண்டுகிறது. என்றைக்காவது கடன் எடுக்க நேர்ந்தால், எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: குறைந்து செல்லும் மீதிக்கு என்ன வட்டி? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கழித்த பிறகு கையில் வரும் தொகை எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதல் ஒரு வருடம் அச்சிடும் வேலையை வெளியே கொடுங்கள். அச்சிட்ட துணி பஸ்ஸிலோ கூரியரிலோ வந்து சேரட்டும். வெட்டுவதும் தைப்பதும் இங்கே நடக்கட்டும். ஒரு ஜேர்சிச் செலவு 1,400 ரூபாவாக ஏறி, மிச்சம் 400 ரூபாவாகக் குறைந்தாலும், வீட்டு முன்னறையில் தொடங்கினால் உங்கள் மாதச் செலவு 65,000 ரூபாவுக்குள் அடங்கும். 163 ஜேர்சி, சுமார் 10 அணிகள் போதும். அந்த நிலையில் முற்பணம் 78 சதவீதமாக வேண்டும். 80 என்று முழுமையாக்கிக் கேளுங்கள். ஏறாவூர் முதல் வாழைச்சேனை வரை ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பின் வீட்டிலிருக்கும் பெண்கள் பலர் உண்டு. ஓவர்லொக், ஃபிளட்லொக் தையல் இயந்திரங்கள் அவர்களுக்குக் கைப்பழக்கம். தைத்த எண்ணிக்கைக்கு நியாயமான கூலி கொடுத்தால் தரமான வேலை கிடைக்கும். நிரந்தரமாக ஒருவரைச் சேர்க்கும் நாளில், சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் முதலாளியாகிய நீங்கள் செலுத்த வேண்டும் என்பதை மறவாதீர்கள். நீங்கள் ஆடிய காலத்தில் உங்களுக்கு எவராவது அதைக் கட்டினார்களா என்று எண்ணிப் பாருங்கள். கட்டாவிட்டால் என்னாகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதுவரை எழுதியதைப் பார்த்து, உங்கள் விளையாட்டு வாழ்க்கைக்கு இந்தத் தொழிலில் மதிப்பே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். உங்களிடம் வேறு ஜேர்சிக் கடைக்காரர் எவரிடமும் இல்லாத ஓர் அறிவு இருக்கிறது. இரு அணிகளின் முன்வரிசைகளும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் எதிர்வரிசைக்காரன் உங்கள் ஜேர்சியை எங்கே பற்றுவான், இழுபடும்போது அக்குளுக்குக் கீழே எந்தத் தையல் முதலில் விடும், கழுத்துப் பட்டி எந்த இடத்தில் கழன்று வரும், எல்லைக்கோட்டிலிருந்து எறியும் பந்தைப் பிடிக்கும் லைன் அவுட்டில் ஆளைத் தூக்கும்போது காற்சட்டையின் எந்தப் பக்கம் கிழியும் என்பதெல்லாம் உங்கள் உடம்பு அறிந்த செய்தி. கிரிக்கெட்டுக்குத் தைக்கும் மெல்லிய துணியில், ஒற்றை ஓவர்லொக் தையலில் றக்பி ஜேர்சி தைத்துக் கொடுத்தால் முதற் பாதியிலேயே பல்லிளிக்கும். தோளில் உட்பட்டி வைத்து இரட்டைத் தையல் போடவும், பக்கத் தையலைப் பிடிமானமாக்கவும், துணியைச் சற்றுக் கனமாகத் தெரிவு செய்யவும் உங்களால் தையற்காரிக்குச் சொல்ல முடியும். ஒரு மாதிரி ஜேர்சியைத் தைத்து, பழைய சகாக்கள் இருவரிடம் கொடுத்துப் பயிற்சியில் இழுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். எங்கே கிழிகிறதோ அங்கே திருத்துங்கள். கிழக்கில் றக்பிக்கான சந்தை சிறியது. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலை அணிகளின் பொறுப்பாசிரியர்களையும் கழக முகாமையாளர்களையும் உங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களிடம் “நான் ஆடியவன்” என்று சொல்வதைவிட, அந்த ஜேர்சியை மேசையில் வைத்து “இழுத்துப் பாருங்கள்” என்று சொல்வது பலன் தரும்.

வெளிநாட்டில் இந்த வழியில் வந்தவர்களைப் பாருங்கள். பிரான்ஸின் ஃபிராங்க் மெனெல் 1987 இல் முதலாவது உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், ஒக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் ஆடியவர். அதே ஆண்டில் தன் கழகத் தோழர் எரிக் பிளாங்குடன் சேர்ந்து அவர் ஆடை நிறுவனமொன்றைத் தொடங்கினார். றக்பி 1995 ஆகஸ்டில்தான் சம்பள விளையாட்டானது; எனவே அவர்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அவர்களுடைய கழக வீரர்கள் மைதானத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கழுத்துப்பட்டி (bow tie) கட்டி வந்து எல்லோரையும் வியக்க வைத்தவர்கள். அந்தப் பட்டியே நிறுவனத்தின் சின்னமானது. நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஈடன் பார்க். தங்கள் பெயரை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அயர்லாந்துக்காக 70 போட்டிகளில் ஆடிய அண்ட்ரூ ட்ரிம்பிள் 2018 இல் ஓய்வு பெற்றவர். பயிற்சி நேரம், பயண விவரம் போன்ற செய்திகளை அணிகள் ஒரே இடத்தில் வைத்துப் பரிமாறிக்கொள்ளும் செயலியொன்றை அவர் உருவாக்கினார். தானே வீரராக இருந்து அனுபவித்த தொல்லைக்கு அவர் தீர்வு தேடினார்; தொழில்நுட்பத் துறையை அறிந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். உங்கள் மச்சான் எந்த அறிவைக் கொண்டு வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் கொண்டு வருவது ஓர் அறை. அறைக்கு உரியது வாடகை. பாதித் தொழில் அல்ல. பங்குடைமையில் ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரும் தன் சொந்தச் சொத்தோடு பொறுப்பாளி. அவர் உங்களுக்குத் தெரியாமல் தொழிலின் பெயரில் துணி வாங்கிவிட்டுப் போனால் கடன்காரர் உங்கள் வீட்டுப் படிக்கு வருவார். பிற்காலத்தில் அவரைக் கூட்டாளியாகச் சேர்க்க விரும்பினால் எழுத்தில் செய்யுங்கள். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்து ஒப்பந்தமின்றி நீதிமன்றத்தில் நிற்காது என்பது நம் நாட்டில் பழைய சட்டம். வாய்ப்பேச்சில் தொடங்கி, உறவும் முறிந்து, வழக்கும் போட முடியாமல் நின்றவர்கள் நம் மாவட்டத்தில் பலர். மச்சானிடம் முகத்துக்கு நேராக, மரியாதையாகச் சொல்லுங்கள்: “ஒரு வருடம் வீட்டிலிருந்து செய்து பார்க்கிறேன், கடை எடுக்கும் நிலை வந்தால் முதலில் உங்களிடந்தான் வாடகைக்குக் கேட்பேன்.” அதில் மனத்தாங்கலுக்கு இடமிருக்காது.

உங்கள் பெயரைக் கடைக்கு வைப்பது பற்றி: வேண்டாம் என்பதே என் கருத்து. கடன் மறுக்கும் கடை உங்கள் பெயரில் இருந்தால், மறுப்பவர் நீங்கள்; வேறு பெயரில் இருந்தால், மறுப்பது கடையின் விதி. நாளை தொழிலை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ நேர்ந்தாலும் தனிப் பெயர்தான் வசதி. விளம்பரத்தில் உங்கள் படத்தைத் தாராளமாகப் போடலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, அந்தப் பெயரில் வங்கியில் தனிக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். அந்தப் பதிவு உங்கள் சின்னத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளாமல் காக்காது. அதற்கு வர்த்தகக் குறியை வேறாகப் பதிய வேண்டும். அது இரண்டாம் வருட வேலை.

22 இலட்சத்தில் 6 இலட்சத்துக்கு மேல் இந்த வருடம் தொழிலுக்குள் போகக் கூடாது. இரண்டு தையல் இயந்திரங்கள், வெட்டும் மேசை, முதல் கட்டத் துணி, மாதிரி ஜேர்சிகள் ஆகியவற்றை அதற்குள் அடக்கப் பாருங்கள். மீதியில் ஒரு வருட வீட்டுச் செலவைத் தனியாக நிலையான வைப்பில் இடுங்கள். முழங்காலுக்கு இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் ஒரு தொகை இருக்க வேண்டும்; கழகத்தின் வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் இனி உங்களுக்கு இலவசமில்லை. வெட்டும் மேசையில் நாள் முழுவதும் நிற்பதும் முழங்காலுக்கு நல்லதல்ல. ஓர் உயரமான கதிரையை வாங்கிப் போடுங்கள், வெட்டுவதற்கு ஆள் வையுங்கள். மாத முடிவில் 60,000 ரூபாவைச் சம்பளமாக எடுத்து, அதற்கு மேல் கல்லாவில் கை வைக்காதீர்கள். கழகக் காலத்தில் வென்றாலும் தோற்றாலும் ஒரு திகதியில் சம்பளம் வந்தது. அந்தப் பழக்கத்தை உங்களுக்கு நீங்களே முதலாளியாக இருந்து தொடர வேண்டும்.

சிறுவர்களுக்கு றக்பி பழக்கும் ஆசையைக் கைவிட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே மனம் நிறைந்து எழுதிய வரி அதுதான். பதினைந்து வருடங்களுக்கு மேல் காலையில் எழுந்ததும் பயிற்சிக்குப் போன மனிதன் திடீரென்று துணிக் கட்டுகளுக்கு நடுவில் தனியே உட்கார்ந்தால் மனம் சோரும். அந்தச் சனி, ஞாயிறுகள் உங்களைத் தாங்கும். ஆனால் பழக்குகிற பிள்ளைகளுக்கு உங்கள் ஜேர்சியைக் கட்டாயமாக்க வேண்டாம், நீங்கள் பயிற்சியளிக்கும் பாடசாலையின் ஜேர்சி விலைமனுவில் கலந்துகொள்ளவும் வேண்டாம். பயிற்றுநரே வியாபாரியாகவும் இருந்தால், ஒரு பிள்ளையை அணியில் எடுத்ததற்கும் எடுக்காததற்கும் காரணம் தேடிப் பேசுவார்கள். பெற்றோர் யாராவது ஜேர்சி எங்கே வாங்கலாம் என்று கேட்டால் மூன்று கடைகளின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் கடையின் பெயர் கடைசியாக வரட்டும்.